வீட்டோடு ஒரு கோல்ஃப் பயணம்: ஆடாதவர்களுக்கும் பிடிக்கிற ஊரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

எங்கள் வீடு கிருஷ்ணகிரியில். வீட்டுக்காரருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஆறு வருடம் முன்பு உடன் வேலை செய்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிப்போய்க் கையில் கோல்ஃப் மட்டையைக் கொடுத்தார்கள். அன்றோடு பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாளில் வெளியூர் மைதானங்களிலும் ஆட ஆசை வந்தது. தனியாகப் போக மனம் வராமல், எல்லோருமாகப் போகலாம் என்றார்.

அப்படிப் போன முதல் பயணம் ஒரு மலை ஊருக்கு. காலை ஏழு மணிக்கு அவர் ஆடப் போய்விட்டார். நானும் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் கிளப் ஹவுஸ் வராந்தாவில் உட்கார்ந்தோம். பிள்ளைகள் ஓடக் கூடாது, சத்தம் போடக் கூடாது. பையன் ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் சாப்பாட்டு அறைக்குள் விடவில்லை. கார் சாவி அவருடைய பையில். ஒன்பது மணிக்கு மாமியார், “ஏம்மா, இன்னும் எவ்வளவு நேரம் இங்கயே உக்காந்திருக்கணும்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டரை. மலர்ந்த முகத்தோடு வந்தவர் எங்களைப் பார்த்ததும் வாடிப்போனார். அவர் மேல் தப்பில்லை. அந்த நாளை நாங்கள் யாருமே யோசித்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஊரைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பாயிற்று. நான் இன்றும் கோல்ஃப் ஆடுவதில்லை. அதனாலேயே இந்த வேலை எனக்குச் சரியாக வருகிறது என்று நினைக்கிறேன். மைதானம் எவ்வளவு அழகு என்று எல்லோரும் சொல்வார்கள். மைதானத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்று நாம்தான் தேட வேண்டும்.

முதல் படி: ஆட்டம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கோல்ஃப் ஆடாத வீடுகளில் சண்டை வருவதே இங்கேதான். முழு ஆட்டம் என்றால் 18 குழிகள். ஆடுகிறவர்கள் ‘ஹோல்’ என்பார்கள். நான்கு பேர் சேர்ந்து ஆடினால் நான்கு, நான்கரை மணி நேரம் ஆகும். நடந்தே ஆடினால் எட்டு கிலோமீட்டருக்குக் குறையாது. முன்னால் அரை மணி நேரம் கை கால் இளக்கிப் பயிற்சி, பின்னால் குளியல், காபி, பேச்சு. ஆக மொத்தம் ஐந்தரை மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். “ரெண்டு மணி நேரத்துல வந்துடறேன்” என்று யாராவது சொன்னால் அவர் 9 ஹோல் மட்டும் ஆடப் போகிறார் என்று பொருள். அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்த 9 ஹோல் கணக்கு குடும்பப் பயணத்துக்கு ரொம்ப உதவும். 18 ஹோல் மைதானங்கள் பலவற்றில் பாதி ஆட்டம் ஆடவும் விடுவார்கள். காலை ஆறரைக்குத் தொடங்கினால், பிள்ளைகள் எழுந்து பல் துலக்கி இட்லிக்கு உட்காரும் நேரத்துக்கு அப்பா திரும்பிவிடலாம்.

எங்கள் வீட்டு ஏற்பாடு இது: மூன்று நாள் பயணத்தில் ஒரு முழு ஆட்டம், ஒரு பாதி ஆட்டம். இரண்டும் காலையில்தான். மதியத்துக்கு மேல் எல்லோரும் சேர்ந்தே இருப்போம். இதை அறை போடுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுவோம்.

இரண்டாம் படி: ஆடாதவர்களின் காலைப் பொழுதை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து வீட்டில் இருக்கிற ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள். காலை ஏழு முதல் பன்னிரண்டு வரை அந்த ஊரில் இவர் என்ன செய்வார் என்று பெயருக்கு நேரே எழுதுங்கள். ‘ஓய்வெடுப்பார்’ என்று எழுதக் கூடாது. வீட்டில் கிடைக்கிற ஓய்வுக்கு யாரும் முந்நூறு கிலோமீட்டர் போக வேண்டியதில்லை.

என் மாமியாருக்கு வேண்டியவை: படியில்லாத அறை, எட்டரைக்குச் சுடச்சுடச் சிற்றுண்டி, பக்கத்தில் ஒரு கோயில், நிழலில் உட்கார்ந்து மனிதர்களைப் பார்க்க ஓர் இடம். பையனுக்கு ரயில், விமானம், மிருகம் எதுவாக இருந்தாலும் சரி. மகளுக்கு அப்பாவோடு போக ஆசை, ஆனால் முழு நேரமும் தாங்க மாட்டாள். எனக்குப் பூங்காவும் ஒரு நல்ல நடையும் போதும்.

அடுத்து, பலர் மறந்துவிடுகிற விஷயம் கார். ஒரே கார்தான், அதை அவர் ஓட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டால் மற்றவர்கள் அறையில் சிறை. இதற்கு மூன்று வழிகள் உண்டு. மைதானத்துக்கு நடந்து போகிற தூரத்தில் தங்கலாம். அவரை மைதானத்தில் இறக்கிவிட்டு நாம் காரை எடுத்துக்கொள்ளலாம். அல்லது அரை நாளுக்கு உள்ளூர் டாக்சி பேசலாம். நான் மலைப்பாதையில் ஓட்டமாட்டேன் என்பதால் எங்களுக்கு மூன்றாவதுதான். அந்த வாடகையையும் கோல்ஃப் செலவிலேயே சேர்த்துவிடுவேன்.

காரைப் பற்றி இன்னொன்று. ஆடுகிறவர் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அந்த முழுப் பை கிட்டத்தட்ட பத்து வயதுப் பிள்ளை உயரம். சின்ன காரில் டிக்கிக்குள் போகாது. பின் சீட்டைச் சாய்க்க வேண்டும். அப்புறம் பாட்டி எங்கே உட்காருவார்? ஐந்து பேர் போகிறோம் என்றால் முழு செட்டை வீட்டில் விட்டுவிட்டு அங்கே வாடகைக்கு எடுப்பது நல்லது. வேண்டுமானால் பழகிய இரண்டு மூன்று மட்டைகளை மட்டும் துணியில் சுற்றி எடுத்துப்போகலாம்.

மூன்றாம் படி: எந்த வகை இடம் என்று முடிவு செய்யுங்கள்

கோல்ஃப் ஆடப் போகிற இடங்களை நான் மூன்றாகப் பிரித்துக்கொள்வேன்.

ஒன்று, நகரத்து மைதானம். நம் ஊரிலிருந்து விடியலில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். ஆடாதவர்களுக்கு நகரம் முழுக்க இருக்கிறது. செலவும் குறைவு.

இரண்டு, மைதானத்தோடு சேர்ந்த ரிசார்ட். நீச்சல்குளம், சாப்பாடு, அறை எல்லாம் ஒரே வளாகத்தில். கைக்குழந்தையும் முதியவரும் உள்ள வீட்டுக்கு இது நிம்மதி. ஆனால் இரண்டு நாளுக்கு மேல் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும், சாப்பாட்டுச் செலவும் ஏறிக்கொண்டே போகும்.

மூன்று, பழைய கிளப் உள்ள மலை ஊர். எனக்கு இதுதான் பிடித்தது. ஊரே சுற்றிப் பார்க்க வேண்டிய இடமாக இருப்பதால், மைதானம் அதில் ஒரு மூலைதான். ஒரே சிரமம், இந்தப் பழைய கிளப்புகளில் கட்டுப்பாடுகள் அதிகம். முன்கூட்டியே பேசாமல் போனால் எங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

நான்காம் படி: நம் ஊரிலிருந்து போகக்கூடிய இடங்களை எடை போடுங்கள்

பக்கத்திலிருந்தே தொடங்குவோம். ஓசூர் பக்கம் குளோவர் கிரீன்ஸ் என்ற மைதானம் இருக்கிறது. முதன்முதலாகக் குடும்பத்தோடு போய்ப் பார்க்க நினைப்பவர்கள் இப்படி வீட்டுக்கு அருகில் உள்ளதிலிருந்து தொடங்குவது நல்லது. அவர் ஆடுகிற நேரத்தில் மற்றவர்கள் ஓசூர் மலைமேல் உள்ள சந்திரசூடேசுவரர் கோயிலுக்குப் போகலாம், கெலவரப்பள்ளி அணை வரை போய் வரலாம். யாருக்காவது பிடிக்கவில்லையென்றால் ஒரு மணி நேரத்தில் கிருஷ்ணகிரி வீடு.

பெங்களூரு நமக்கு 90 கிலோமீட்டர், தருமபுரிக்காரர்களுக்கு 130. நகரின் நடுவில் உள்ள பெங்களூர் கோல்ஃப் கிளப் 1876இல் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய கிளப்புகளில் ஒன்று. அதன் பக்கத்திலேயே நேரு கோளரங்கம், கொஞ்ச தூரத்தில் கப்பன் பூங்கா, விசுவேசுவரய்யா அறிவியல் அருங்காட்சியகம். பிள்ளைகளுக்கு ஒரு நாள் போதாது. பழைய விமான நிலையச் சாலைப் பக்கம் கே.ஜி.ஏ. என்று எல்லோரும் சொல்கிற கர்நாடகா கோல்ஃப் சங்கத்தின் மைதானம் இருக்கிறது. அதே சாலையில் எச்.ஏ.எல். விமான அருங்காட்சியகம். என் பையன் அங்கேயே மூன்று மணி நேரம் நின்றான். இரண்டுமே உறுப்பினர் கிளப்புகள். உறுப்பினர் ஒருவரின் விருந்தினராகப் போனால் சுலபம். நம் பகுதியில், பெங்களூருவில் வேலை செய்கிறவர் ஒருவர்கூட இல்லாத குடும்பம் குறைவு. உறவிலோ நட்பிலோ விசாரித்தால் யாராவது ஒருவர் கிடைப்பார்.

ரிசார்ட் வேண்டுமென்றால் நந்தி மலைப் பக்கம் பிரெஸ்டீஜ் கோல்ஃப்ஷயர். 18 ஹோல் மைதானத்தோடு ஜே.டபிள்யூ. மேரியட் ஓட்டலும் அதே வளாகத்தில் இருக்கிறது. விலை அதிகம்தான். ஆனால் சுற்றுவட்டாரம் நன்றாக இருக்கும்: நந்தி மலை, அதன் அடிவாரத்தில் போக நந்தீசுவரர் கோயில், திப்பு பிறந்த தேவனஹள்ளிக் கோட்டை. போக நந்தீசுவரர் கோயிலில் ஏற வேண்டிய மலையில்லை, கூட்டமும் பெரிதாக இருக்காது. வயதானவர்கள் பழைய கல்தூண் நிழலில் நிதானமாக உட்கார்ந்து வரலாம்.

மைசூரு என் முதல் சிபாரிசு. கிருஷ்ணகிரியிலிருந்து நாலரை, ஐந்து மணி நேரம். பெங்களூருவைத் தாண்டிவிட்டால் 2023இல் திறந்த விரைவுச்சாலை இருக்கிறது. அங்கே ஜெயசாமராஜ உடையார் கோல்ஃப் கிளப்பின் மைதானம் சாமுண்டி மலை அடிவாரத்தில், குதிரைப் பந்தய மைதானத்தை ஒட்டி அமைந்திருக்கிறது. 1892இல் தொடங்கிய மிருகக்காட்சி சாலையும் அதை ஒட்டிய காரஞ்சி ஏரியும் அங்கிருந்து மிக அருகில். அவரை இறக்கிவிட்டு அங்கே போனால் பதினொன்றரை வரை நேரம் போவதே தெரியாது. மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதைப் பார்த்து நாளை வையுங்கள். ஞாயிறு இரவு ஏழு மணிக்கு அரண்மனையில் விளக்கேற்றுவார்கள். அதனால் சனி, ஞாயிறு தங்கித் திங்கள் காலை ஆடி முடித்துத் திரும்புவது எங்களுக்குச் சரியாக இருந்தது. சமதளமான ஊர், குடிக்கத் தண்ணீருக்கோ சாப்பாட்டுக்கோ சிரமமில்லை. முதியவர்களுக்கு மலைப்பாதைக் குமட்டலும் இல்லை.

அடுத்து ஊட்டி. ஊட்டி ஜிம்கானா கிளப் 1896இல் தொடங்கியது. ஃபிங்கர் போஸ்ட் பக்கம் உள்ள அதன் 18 ஹோல் மைதானம் கடல்மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்று லேசாக இருப்பதால் பந்து வழக்கத்தைவிடக் கூடுதல் தூரம் பறக்கும். முதல் நாள் அவருக்கு எந்த மட்டையால் அடிப்பது என்ற கணக்கே தப்பியது. ஆனாலும் சந்தோஷமாக வந்தார். ஏற்ற இறக்கமான நிலம், நடப்பவருக்கு மூச்சு வாங்கும். மற்றவர்களுக்கு 1848இல் அமைத்த தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா, 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா எல்லாம் இருக்கின்றன. ஆனால் நான் சொல்வது வேறு. அவர் ஆடுகிற காலையில் நாங்கள் ஊட்டியிலிருந்து குன்னூருக்கு மலை ரயிலில் இறங்கினோம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற பாதை அது. குன்னூரில் சிம்ஸ் பூங்காவைப் பார்த்துவிட்டு, அங்கேயே மதியச் சாப்பாட்டுக்கு அவரை வரச் சொன்னோம். மாமியார் இன்றும் பேசுகிற பயணம் அதுதான். பயணச் சீட்டை 60 நாள் முன்பே முன்பதிவு தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். பள்ளி விடுமுறை நாட்களுக்கான சீட்டைத் தாமதமாகத் தேடினால் கிடைக்காது.

குன்னூர் பக்கம் வெலிங்டன் ஜிம்கானா கிளப்பிலும் 18 ஹோல் மைதானம் உண்டு. ராணுவப் பகுதியை ஒட்டியது என்பதால் வெளியாருக்கான அனுமதியைப் பற்றித் தெளிவாகக் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

தருமபுரியிலிருந்து ஊட்டிக்குச் சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம் வழிதான் வசதி. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது மட்டும் நிதானம் வேண்டும், லாரிகள் அதிகம். ஓசூர்க்காரர்கள் மைசூரு, பந்திப்பூர் வழியாகப் போவார்கள். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். இதை மறந்துவிட்டு இரவில் கிளம்பிக் காட்டு வாசலில் காரிலேயே தூங்கிய குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும்.

கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இல் தொடங்கியது. மைதானம் ஏரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பசுமைப் பள்ளத்தாக்குக் காட்சிமுனையை ஒட்டி இருக்கிறது. தூண் பாறையும் அதே சாலையில்தான். ஆக, எல்லோரும் ஒரே டாக்சியில் போய், அவரை இறக்கிவிட்டு, நாம் மேலே போய்வரலாம். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர், வாடகை சைக்கிள் கிடைக்கும். மைதானத்தில் காட்டு மாடுகள் மேய வரும். பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுவார்கள். தூரத்திலிருந்து மட்டும் காட்டுங்கள். படம் எடுக்கக் கிட்டே போகவே கூடாது.

குடகுக்கு ஒரு முழு நாள் பயணம் ஆகும். விராஜ்பேட்டை பக்கம் பிட்டங்காலாவில் குடகு கோல்ஃப் லிங்க்ஸ் இருக்கிறது. குடும்பத்துக்குத் துபாரே யானை முகாம், பைலக்குப்பே திபெத்திய மடாலயம், தலைக்காவிரி. ஒகேனக்கல்லில் பாறையில் மோதி இரைகிற காவிரியைப் பார்த்தே வளர்ந்த நம் பிள்ளைகள், தலைக்காவிரியில் அதைச் சின்னக் குளமாகப் பார்த்துவிட்டு நெடுநேரம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் போக வேண்டாம், மழை அப்படி.

கொஞ்சம் பணம் சேர்த்து ஒரே ஒரு முறை வெளிநாடு என்றால் என் விருப்பம் இலங்கையின் நுவரெலியா. 1889இல் தொடங்கிய அதன் 18 ஹோல் மைதானம் ஊரின் நடுவிலேயே இருக்கிறது. விக்டோரியா பூங்கா, கடைத்தெரு எல்லாம் நடை தூரம். கிரகரி ஏரி, ஹக்கல தாவரவியல் பூங்கா, சீதா எலிய சீதை அம்மன் கோயில் ஆகியவை சின்ன வண்டிப் பயணத்தில். தேயிலைத் தோட்டங்களில் மலையகத் தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அதனால் என் மாமியார் போன்றவர்கள் மொழிக்குத் திண்டாட வேண்டியதில்லை. கடையில் அவர்களே பேரம் பேசலாம். பெங்களூருவிலிருந்தும் சென்னையிலிருந்தும் கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. மின்னணுப் பயண அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள். மலை ரயிலில் போக நினைத்தால், மழைக்குப் பிறகு பாதை சில சமயம் மூடிவிடும். ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.

ஐந்தாம் படி: போன் போட்டுக் கேளுங்கள்

இணையத்தில் இருப்பதை மட்டும் நம்பி அறை போடாதீர்கள். கிளப் அலுவலகத்துக்கு ஒரு போன். நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு கேட்கிறவை இவை:

- உறுப்பினர் அல்லாதவர் ஆடலாமா? எந்தக் கிழமைகளில்?
- நாங்கள் வருகிற நாளில் போட்டி ஏதும் இருக்கிறதா? போட்டி நாளில் வெளியாருக்கு இடம் கிடைக்காது.
- ஹேண்டிகேப் சான்றிதழ் கேட்பீர்களா? ஆடுகிறவரின் திறமையை எண்ணால் சொல்கிற அளவு அது. புதிதாக ஆடுகிறவருக்கு 54 வரை போகும். சில இடங்களில் அது இல்லாமல் விட மாட்டார்கள்.
- மட்டை வாடகைக்குக் கிடைக்குமா? இடதுகைக்காரருக்கு, சிறுவர்களுக்கு?
- பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்து வழிகாட்டும் கேடி கட்டாயமா? அவருக்குக் கொடுக்க வேண்டியது மைதானக் கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா?
- ஆடாதவர்கள் கூட நடந்து வரலாமா? எந்த வயதுப் பிள்ளைகளை உள்ளே விடுவீர்கள்?
- சாப்பாட்டு அறைக்கு உடை, செருப்புக் கட்டுப்பாடு என்ன?

கடைசிக் கேள்விக்கான பதிலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பொதுவாக ஆடுகிறவர் காலர் வைத்த சட்டை போட வேண்டும், ஜீன்ஸ் கூடாது. ஆனால் குடும்பத்துக்கும் அதே கட்டுப்பாடு இருக்கலாம். வேட்டி, சேலை, சுரிதாருக்கு என்ன விதி என்று கூச்சப்படாமல் கேளுங்கள். போனில் பதில் சொல்கிறவரின் தன்மையிலேயே அந்த இடம் குடும்பத்தை எப்படி நடத்தும் என்று பாதி தெரிந்துவிடும். எரிந்து விழுந்தால் நான் அந்த ஊரையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

ஆறாம் படி: மாதத்தைப் பொருத்துங்கள்

நம் பக்கத்து வீடுகளுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில். மாந்தோப்பு உள்ளவர்களுக்கு அறுவடையும் அப்போதுதான் தொடங்கி ஜூன், ஜூலை வரை இழுக்கும். காய் பறிக்கிற நேரத்தில் வீட்டுப் பெரியவர் ஊரைவிட்டு நகர மாட்டார். அப்படிப்பட்ட வீடுகளுக்குக் காலாண்டு விடுமுறையும் அரையாண்டு விடுமுறையும்தான் மிச்சம்.

கோடையில் மலைக்குத்தான் போக வேண்டும் என்றால் கூட்டத்துக்குத் தயாராக வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். அதனால் பாஸ் கையில் வந்த பிறகே மற்ற பணத்தைக் கட்டுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் இரண்டு மலைகளிலும் கூடாது. எவர்சில்வர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு போங்கள்.

காலாண்டு விடுமுறை தசராவோடு சேர்ந்து வரும் ஆண்டில் மைசூருவில் அறை கிடைப்பதே பாடு. அரையாண்டு விடுமுறையில் ஊட்டியில் உறைபனி; காலை ஆட்டம் பிந்தித்தான் தொடங்கும், முதியவர்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. அந்த வாரத்துக்கு மைசூருவோ பெங்களூருவோ பொருத்தம். நுவரெலியாவுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஏப்ரலில் புத்தாண்டுக் கூட்டம் அதிகம்.

ஏழாம் படி: மற்றவர்களும் ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும்

மைதானத்துக்குள் போகாமலே ஆட்டத்தைச் சுவைக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று டிரைவிங் ரேஞ்ச்: ஒரு கூடைப் பந்துக்குக் காசு கட்டி, நின்ற இடத்திலிருந்து தூரமாக அடித்துப் பழகலாம். இன்னொன்று புட்டிங் கிரீன்: வெட்டிய புல்தரையில் பந்தை மெதுவாக உருட்டிக் குழியில் போடுவது. இதற்கு வலு வேண்டாம், வயது வேண்டாம். மைசூருவில் ஒரு மாலை, அனுமதி கேட்டுக்கொண்டு, என் மாமியார் நான்கடி தூரத்திலிருந்து பந்தை உருட்டினார். மூன்றாவது முறை உள்ளே விழுந்தது. பக்கத்தில் நின்ற கேடி கைதட்டினார்.

இந்திய கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக்கின் கதையை என் மகளுக்குச் சொல்லியிருக்கிறேன். பெங்களூருவில் குடும்பத்தோடு காலைச் சாப்பாட்டுக்குப் போன இடத்திலிருந்து டிரைவிங் ரேஞ்சைப் பார்த்து, ஐந்து வயதில் ஆட ஆரம்பித்த பெண். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் அப்பா அவருக்கு மட்டைப் பை சுமந்தார். டோக்கியோவில் அம்மா சுமந்தார். டோக்கியோவில் நான்காவது இடம். ஒரே ஓர் அடியில் பதக்கம் கைநழுவியது. வீட்டில் யாரும் ஏற்கெனவே கோல்ஃப் ஆடியவர்கள் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதற்காகப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இருபது நிமிடம் அடித்துவிட்டு மட்டையை வைத்தால், சரி என்று விட்டுவிடுங்கள். மறுநாள் அதுவாகக் கேட்கும். கேட்காவிட்டாலும் குறையில்லை.

ஒரு கண்டிப்பு மட்டும் உண்டு. மட்டை வீசுகிறவருக்குப் பக்கத்திலோ பின்னாலோ பிள்ளைகள் நிற்கக் கூடாது. யாராவது ‘ஃபோர்!’ என்று கத்தினால் பந்து நம் பக்கம் வருகிறது என்று அர்த்தம். நிமிர்ந்து பார்க்காமல் தலையைக் கையால் மூடிக் குனிய வேண்டும். இடி கேட்டால் ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் கட்டடத்துக்குள் வந்துவிட வேண்டும். திறந்த வெளியில், கையில் இரும்பு மட்டையோடு, மரத்தடியில் ஒதுங்குவது மிக ஆபத்து.

எட்டாம் படி: பணத்தை இரண்டு உறையில் போடுங்கள்

ஆட்டத்துக்கான கட்டணம், கேடி, மட்டை வாடகை, மைதான வண்டி, தொலைகிற பந்துகள் எல்லாவற்றையும் கூட்டி ஓர் உறையில் வையுங்கள். கட்டணங்கள் அடிக்கடி மாறும், வார இறுதியில் கூடும், வெளிநாட்டவருக்கு வேறு விலை. போனில் கேட்ட அன்றைக்கான தொகையை எழுதிப் பக்கத்தில் தேதியும் போடுங்கள்.

அதே அளவு பணத்தை இரண்டாவது உறையில், ஆடாதவர்களின் காலைப் பொழுதுக்காக வையுங்கள். டாக்சி, நுழைவுச் சீட்டு, படகு, பிள்ளைகள் கேட்கிற பொம்மை எல்லாம் அதிலிருந்து. இரண்டாவது உறைக்குப் பணம் போதவில்லையென்றால் முதல் உறையைக் குறையுங்கள்: 18 ஹோலை 9 ஆக்குங்கள், அல்லது ஓட்டலைக் கொஞ்சம் எளிமையாகப் பாருங்கள். நாங்கள் இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு அவருக்கு ஆடப் போகும்போது மனக்குறுகுறுப்பு இல்லை, எனக்கும் ஒவ்வொரு ரூபாயையும் கேட்டு வாங்குகிற வருத்தம் இல்லை.

ஒன்பதாம் படி: நாளைக் கோத்துப் பாருங்கள்

முடிவு செய்வதற்கு முன், பயணத்தை மணிவாரியாக ஒருமுறை எழுதிப் பாருங்கள். நாங்கள் கடைசியாக மைசூரு போனது இப்படி:

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிருஷ்ணகிரியில் கிளம்பினோம். அத்திப்பள்ளி சுங்கச்சாவடியை ஏழு மணிக்குள் தாண்டிவிட்டால் பெங்களூரு நெரிசலில் பாதி தப்பும். வழியில் சிற்றுண்டி. மதியம் மைசூரு, சாப்பாடு, தூக்கம். மாலை சாமுண்டி மலை.

ஞாயிறு காலை அவர் 9 ஹோல் மட்டும். மகள் கூடவே மூன்று ஹோல் வரை நடந்துவிட்டுத் திரும்பினாள். அதற்குள் நாங்கள் அறையில் நிதானமாகக் கிளம்பினோம். பத்து மணிக்கு எல்லோருமாகக் கடைத்தெரு, மாலை அரண்மனை, ஏழு மணிக்கு விளக்கு.

திங்கள் அவருக்கு முழு ஆட்டம். ஏழு மணிக்கு மைதானத்தில் இறக்கிவிட்டோம். எங்களுக்கு மிருகக்காட்சி சாலையும் காரஞ்சி ஏரியும். மாமியாருக்கு மின்சார வண்டி கிடைக்குமா என்று வாசலிலேயே விசாரித்துக்கொண்டோம். பன்னிரண்டரைக்கு அவரை ஏற்றிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். பெங்களூருவில் மாலை நெரிசல் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வர மணி ஒன்பது.

காரில் பின் சீட்டில் மகள் தூங்கிவிட்டாள். சூளகிரி தாண்டியதும் மாமியார் முன்பக்கம் சாய்ந்து அவரிடம் கேட்டார்: “அடுத்த தடவ அந்தக் குழியில உருட்டுறது இருக்குற ஊருக்கே போலாமா, தம்பி?”